நாரோபோட் பயணத்தில் எஞ்சின் நின்றால்: முதலில் கயிறு, பிறகு எஞ்சின்

கேள்வி: இங்கிலாந்தில் ஆகஸ்ட் மாதம் இரண்டு குடும்பமாக ஒரு நாரோபோட் (கால்வாய்களில் ஓடும் குறுகலான நீளப் படகு) வாடகைக்கு எடுத்து, ரென்பரியிலிருந்து லாங்கோலன் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். ஒரு வாரம், ஆறு பேர். அப்பாவுக்கு எழுபது வயது, சின்னவளுக்கு எட்டு. எங்களில் ஒருவருக்கும் எஞ்சின் பற்றி எதுவும் தெரியாது. நடுவழியில் ரிப்பேர் ஆனால் என்ன செய்வது? ஆபத்தா?

ஆபத்தா என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். லாங்கோலன் கால்வாயில் எஞ்சின் நின்றுபோவதால் மட்டும் யாருக்கும் ஆபத்து வராது. பெரும்பாலான இடங்களில் தண்ணீர் இடுப்பளவுதான். இரண்டு கரையும் நீளக் கழிக்கு எட்டுகிற தூரம். இந்தக் கால்வாய்களில் வேக வரம்பே மணிக்கு 4 மைல், வேகமாக நடப்பவர் உங்களைத் தாண்டிப் போய்விடுவார். எஞ்சின் நின்றால் படகு மெல்ல வேகம் குறைந்து ஏதாவது ஒரு கரையில் ஒதுங்கும். மோட்டார்வேயில் கார் நின்றுபோகிற மாதிரி பின்னாலிருந்து லாரி வந்து மோதாது.

அடிபடுவது பதற்றத்தில்தான். படகு சுவரில் இடிக்கப் போகிறதே என்று காலை நீட்டித் தடுப்பது, கரைக்கு இன்னும் ஒரு மீட்டர் இருக்கும்போதே குதிப்பது, எஞ்சினை அணைக்காமல் ப்ரொப்பெல்லர் பக்கம் கையை விடுவது. நீங்கள் எடுக்கப்போகிற படகு 60 அடி நீளம் என்று வைத்துக்கொண்டால், அதன் எடை 15 டன்னுக்கு மேல் இருக்கும். இடித்தால் பெயிண்ட் போகும். தடுக்கப்போனால் கால் போகும். ஆறு பேரும் ஏறும் முன்பே இதை ஒருமுறை சொல்லிவையுங்கள், முக்கியமாகப் பையன்களிடம்.

அதனால் நான் யார் கேட்டாலும் சொல்வது ஒன்றுதான்: முதலில் கயிறு, பிறகு எஞ்சின். படகு கரையில் கட்டப்படும் வரை எஞ்சின் மூடியைத் திறக்காதீர்கள், என்ன ஆச்சு என்று கூடி நின்று பேசாதீர்கள், போனை எடுக்காதீர்கள்.

நாரோபோட்டுக்கு பிரேக் கிடையாது, ரிவர்ஸ்தான் பிரேக். சுக்கானும் ப்ரொப்பெல்லர் தள்ளுகிற தண்ணீரை வைத்துத்தான் ஒழுங்காக வேலை செய்யும். எஞ்சின் நின்ற அடுத்த சில விநாடிகளில் மிச்சமிருக்கும் ஓட்டத்தில்தான் உங்களால் கொஞ்சமாவது திருப்ப முடியும். அந்த நேரத்தை வீணாக்காமல், சுக்கானைத் திருப்பும் கைப்பிடியான டில்லரைப் பிடித்து, டோபாத் இருக்கும் கரைப்பக்கமாகப் படகை விடுங்கள். டோபாத் என்பது முன்பு குதிரைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த பாதை. கால்வாய் நெடுக ஒரு பக்கம் இருக்கும். எதிர்க்கரையில் ஒதுங்கினால் புதரும், தனியார் தோட்டமும், மாடு மேய்கிற வயலும்தான் இருக்கும். அங்கிருந்து யாரும் உங்களுக்கு உதவ வர முடியாது.

படகின் கூரையில் நடுவில் ஒரு கயிறு கட்டியிருக்கும். அதன் மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் இறங்க வேண்டும். இறங்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், குதிக்க அல்ல. கரை எட்டவில்லையென்றால் கூரையில் கிடக்கும் நீளக் கழியை எடுத்து, கால்வாயின் அடியில் ஊன்றித் தள்ளுங்கள். கழியின் முனையை நெஞ்சிலோ வயிற்றிலோ வைத்து அழுத்தக் கூடாது, உடம்புக்குப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ள வேண்டும். கழி சேற்றில் சிக்கிக்கொண்டால் விட்டுவிடுங்கள்; அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் படகு போய்விடும், நீங்கள் தண்ணீரில் இருப்பீர்கள்.

கரையில் இரும்புத் தகடு பதித்திருந்தால் அதில் மாட்டும் கொக்கிகள் படகிலேயே இருக்கும். இல்லையென்றால் முளை அடித்துக் கட்டுங்கள், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. கயிறு பாதையைக் குறுக்கே அடைக்காமல் இருக்கட்டும், அந்த வழியாக சைக்கிள்கள் வரும்.

நின்ற இடம் பாலத்தின் கீழோ, லாக் (இரு கதவுகளுக்கு நடுவில் தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை மேலும் கீழும் கொண்டுபோகும் தொட்டி) வாசலோ, கண்ணுக்குத் தெரியாத வளைவோ ஆக இருந்தால் மற்ற படகுகளுக்கு இடைஞ்சல். அங்கிருந்து படகைக் கையால் இழுத்து நகர்த்தலாம். 15 டன்னை மனிதர் இழுப்பதா என்று தோன்றும். தேர் இழுத்த அனுபவம் இருந்தால் இது உடனே புரியும். முதல் அசைவுதான் கடினம்; அசைந்த பிறகு சீராக நடந்தால் போதும், இரண்டு பேர் இழுத்தால் நிதானமாக வந்துவிடும். சட்டென்று வெட்டி இழுத்தால் முதுகு பிடிக்குமே தவிரப் படகு வராது. நடுக்கயிற்றால் இழுத்தால் படகு கரையை ஒட்டிக்கொண்டே வரும். முன்கயிற்றால் இழுத்தால் மூக்கு கரையில் குத்தும். எதைப் பிடித்து இழுத்தாலும் டில்லரில் ஒருவர் நின்று கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்துவதற்கும் ஆள் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நிறுத்தப் பார்க்காதீர்கள், ஏதாவது ஒரு கட்டையில் ஒரு சுற்று சுற்றி மெல்ல இறுக்குங்கள்.

"முதலில் கயிறு" என்பதற்கு இரண்டே விதிவிலக்குகள். எஞ்சின் அறையிலிருந்து தீயின் புகை வந்தால் மூடியைத் திறக்காதீர்கள். திறந்தால் காற்று உள்ளே போய்த் தீ வளரும். எல்லோரும் கரையில் இறங்கிவிட்டு அவசர உதவி எண் 999ஐக் கூப்பிடுங்கள். சமையல் காஸ் வாடை வந்தால் சிலிண்டரை மூடிவிட்டு, எந்த சுவிட்சையும் தொடாமல் இறங்கிவிடுங்கள். அந்த காஸ் காற்றை விடக் கனமானது, வெளியே போகாமல் படகின் அடியில் தேங்கி நிற்கும். இந்த இரண்டிலும் படகு எங்கே போகிறது என்று பார்க்காதீர்கள், ஆட்கள் இறங்கினால் போதும்.

இனி எஞ்சினுக்கு வருவோம். முதல் முறை வருகிறவர்கள் ரிப்பேர் என்று நினைப்பதில் பாதி ரிப்பேரே இல்லை.

லாங்கோலன் கால்வாய்க்கு ஒரு தனிக்குணம் உண்டு. மற்றக் கால்வாய்களில் தண்ணீர் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். இதில் டீ நதியிலிருந்து ஹார்ஸ்ஷூ அருவி என்கிற இடத்தில் தண்ணீர் உள்ளே எடுக்கப்பட்டு, கால்வாய் முழுவதும் ஓடி, கடைசியில் ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்தில் குடிநீருக்காகச் சேர்கிறது. போகும்போது நீங்கள் இந்த ஓட்டத்தை எதிர்த்துப் போகிறீர்கள். ட்ரெவருக்கும் லாங்கோலனுக்கும் நடுவில் கால்வாய் குறுகி, ஆழமும் குறைந்து, ஓட்டம் நன்றாகவே தெரியும். அங்கே படகு இழுக்காது. வேகம் போதவில்லையே என்று த்ராட்டிலைக் கூட்டுவீர்கள். ப்ரொப்பெல்லர் அடியிலிருக்கும் தண்ணீரை வாரிப் பின்னால் தள்ள, பின்பக்கம் சேற்றை நோக்கி இறங்கும், கரையோரம் அலை எழும்பும், கரும்புகை வரும், படகோ முன்பைவிட மெதுவாகப் போகும். எஞ்சினில் கோளாறே கிடையாது, அடியில் தண்ணீர் போதவில்லை. த்ராட்டிலைக் குறையுங்கள். குறைத்ததும் படகு நிமிர்ந்து, கொஞ்சம் வேகமாகவே நகரும். ஆழமில்லாத தண்ணீரில் இதுதான் வழி.

இன்னொன்று கியர் லீவர். முன்னுக்கும் பின்னுக்கும் த்ராட்டிலுக்கும் ஒரே லீவர்தான். அதன் நடுவில் ஒரு பட்டன் இருக்கும். அதை இழுத்தாலோ அமுக்கினாலோ (படகுக்குப் படகு மாறும்) கியர் விழாமல் எஞ்சின் மட்டும் உறுமும். குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கவும், கட்டி நிற்கும்போது பேட்டரி சார்ஜ் ஏற்றவும் அது. காலையில் அப்படி விட்டுவிட்டு, "எஞ்சின் ஓடுது, படகு நகரல" என்று கம்பெனிக்குப் போன் போடுகிறவர்கள் உண்டு. லீவரை நடுவுக்குக் கொண்டுவந்து பட்டனைப் பழைய நிலைக்கு விட்டுப் பாருங்கள்.

உண்மையிலேயே நிறுத்துகிற கோளாறுகளில் முதலிடம் ப்ரொப்பெல்லரில் ஏதாவது சுற்றிக்கொள்வது. இதை மட்டும் நீங்கள் நன்றாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும். பல வாடகை நிறுவனங்களின் ஒப்பந்தப்படி இது ரிப்பேர் கணக்கில் வராது, நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஆளை வரவழைத்தால் கட்டணம் கேட்கலாம்.

அறிகுறிகள் தெளிவாக இருக்கும். டில்லர் கையில் அதிரத் தொடங்கும். எஞ்சின் திணறும், புகை கறுக்கும், படகு ஒரு பக்கம் இழுக்கும் அல்லது ரிவர்ஸ் எடுத்தால் நிற்காது. முதலில் நியூட்ரலுக்கு வந்து, ஒருமுறை பலமாக ரிவர்ஸ் கொடுத்துப் பாருங்கள். இலை, தழை, நாணல் என்றால் உதிர்ந்துவிடும். இலையுதிர் காலத்தில் பயணம் முழுக்க இப்படித்தான் போக வேண்டியிருக்கும். ரிவர்ஸ் கொடுத்தும் உதிரவில்லை, அல்லது சத்தம் மோசமாகிறது என்றால் கயிறோ துணியோ கம்பியோ. விடாமல் ஓட்டினால் இன்னும் இறுகும். கரைக்கு வந்து கட்டிவிடுங்கள்.

கட்டியாயிற்று. எஞ்சினை அணையுங்கள். சாவியை எடுத்து, ப்ரொப்பெல்லரைத் தொடப்போகிறவரே தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இது எங்கள் தொழிலில் விலக்கே இல்லாத விதி. உள்ளே யாராவது "வெந்நீர் வரலியே, எஞ்சினைப் போடலாமா" என்று சாவியைத் திருகுவதற்கு ஒரு விநாடி போதும்.

பின்பக்கம் தரைப்பலகையைத் தூக்கினால், எஞ்சினுக்குப் பின்னால், ப்ரொப்பெல்லருக்கு நேர் மேலே ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். அதுதான் வீட் ஹேட்ச். மேலே கனமான மூடி, அதை அழுத்திப் பிடிக்கும் ஒரு குறுக்குச் சட்டம், திருகு. திருகைத் தளர்த்தி மூடியை எடுத்தால் கீழே கறுப்பாகக் கால்வாய்த் தண்ணீர் தெரியும். மட்டம் பெட்டியின் விளிம்புக்குக் கீழேதான் நிற்கும், பயப்பட வேண்டாம். சட்டையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றிவிட்டு, தடித்த நீளக் கையுறை போட்டுக் கையை இறக்குங்கள். ஆகஸ்டிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் விரலால்தான். முதலில் ப்ரொப்பெல்லர் இலைகளை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணுங்கள். பெரும்பாலும் மூன்று இருக்கும். பிறகு அதற்கும் படகுக்கும் நடுவில் இருக்கும் தண்டைத் தடவுங்கள். சிக்கு அங்கேதான் இருக்கும். பிளாஸ்டிக் பை வழவழவென்று, நைலான் கயிறு முறுக்கேறிக் கட்டை மாதிரி, தூண்டில் நரம்பு இழுத்துக் கட்டிய வீணைத் தந்தி போல விரலை அறுக்கும்.

நுனி கிடைத்தால் சுற்றிய திசைக்கு எதிராக அவிழ்த்துக்கொண்டே வரலாம். நியூட்ரலில் ப்ரொப்பெல்லரைக் கையால் திருப்ப முடிந்தால் எளிது. நுனி கிடைக்காவிட்டால் அறுக்க வேண்டியதுதான். இதற்குப் பல் வைத்த ரொட்டிக் கத்திக்கு மிஞ்சியது இல்லை. கத்திக் கைப்பிடியில் ஒரு கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள், நழுவினால் சேற்றில் போய்விடும். தண்டின் நீளவாக்கில் வைத்து, உங்களுக்கு எதிர்ப்பக்கமாக அறுங்கள். எடுத்ததை ஒரு பையில் போட்டு மேலே வையுங்கள். திரும்பத் தண்ணீரில் எறிந்தால் அடுத்த வளைவில் இன்னொருவர் ப்ரொப்பெல்லரில் சுற்றும். மெத்தைக் கம்பியோ டயரோ சிக்கியிருந்தால் ரொட்டிக் கத்தியால் ஆகாது, போன் செய்துவிடுங்கள்.

மூடுவதுதான் இந்த வேலையில் மிக முக்கியமான கட்டம். மூடியின் ரப்பர் விளிம்பில் மண்ணோ இலையோ இல்லாமல் துடைத்து, சரியாக உட்காரவைத்து, சட்டத்தை இறுக்கித் திருகுங்கள். திருகியபின் மூடியைப் பிடித்து ஆட்டிப்பாருங்கள், துளியும் அசையக் கூடாது. மூடி தளர்வாக இருந்தால், ப்ரொப்பெல்லர் சுழலும்போது தண்ணீரை அந்தப் பெட்டி வழியாக எஞ்சின் அறைக்குள் தள்ளும். படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப்பால் அதை ஈடுகட்ட முடியாது. இப்படிப் பின்பக்கமாக மூழ்கிய படகுகள் உண்டு. அதனால் பலகையை மூடும் முன், படகைக் கட்டியபடியே எஞ்சினைப் போட்டு, மெதுவாகக் கியரில் விட்டு, ஹேட்ச் ஓரம் கசிகிறதா என்று ஒருவர் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். உலர்ந்திருந்தால் புறப்படலாம்.

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுங்கள். கையில் வெட்டுக்காயம் இருப்பவர் இந்த வேலைக்கு வர வேண்டாம். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரலாம். ஓரிரு வாரத்தில் காய்ச்சல், கடும் உடம்பு வலி வந்தால் டாக்டரிடம் "கால்வாய்த் தண்ணீரில் கை வைத்தேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஃப்ளூ என்று நினைத்துவிட வாய்ப்புண்டு.

இந்த இடத்தில் நம் ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராண்ட் யூனியன் கால்வாய் லண்டனில் சவுத்ஹால், ஆல்பர்ட்டன் வழியாக, அதாவது நம் மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகள் வழியாகப் போகிறது. அந்தப் பக்கம் பூஜைத் தேங்காய் மிதப்பதைப் படகுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். தேங்காய் மிதந்து விலகிவிடும். துணி விலகாது. ஆறு கஜம் பாலியெஸ்டர் புடவை ப்ரொப்பெல்லரில் சுற்றினால் அது தண்டோடு தண்டாக இறுகி, வெட்டி எடுக்க அரை நாள் ஆகும். அதன் மறுமுனையில் குளிரில் கையை விட்டுக்கொண்டிருப்பவர் வயதானவராகவும், படகையே வீடாகக் கொண்டவராகவும் இருக்கலாம். பூவை விடுங்கள், விளக்கை விடுங்கள், துணியை மட்டும் விடாதீர்கள்.

மற்றக் கோளாறுகளில் நீங்கள் செய்ய வேண்டியது குறைவு. எதைப் பார்த்தால் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்து, கூடவே வெப்பமானி ஏறினால் பெல்ட் அறுந்திருக்கும். பல எஞ்சின்களில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்ப்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. இந்தப் படகுகளில் ரேடியேட்டர் கிடையாது. படகின் பக்கச் சுவரின் உட்புறம் ஒரு தட்டையான இரும்புத் தொட்டி பற்றவைத்திருக்கும். எஞ்சினின் சுடுநீர் அதற்குள் போய், வெளியே இருக்கும் கால்வாய்த் தண்ணீரால் ஆறித் திரும்பும். பம்ப் சுற்றாவிட்டால் இந்தச் சுழற்சி நிற்கும், சில நிமிடத்தில் எஞ்சின் கொதிக்கும். அணைத்துவிட்டு ஆறவிடுங்கள். சூட்டோடு சூடாகக் கூலன்ட் மூடியைத் திறந்தால் முகத்தில் பீய்ச்சும். ஆயில் அழுத்த விளக்கு எரிந்தால் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். உடனே அணைத்துவிட்டு, கழியால் தள்ளிக் கரை சேருங்கள். மற்ற எச்சரிக்கைகளில் கரை வரை ஓட்டிவிடலாம், இதில் கூடாது.

எஞ்சின் விக்கி விக்கி நின்றால் டீசல் போகவில்லை என்று அர்த்தம். ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது டாங்கில் தண்ணீர் சேர்ந்து, டீசலும் தண்ணீரும் சேரும் எல்லையில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புக் கூழாக வந்து அடைக்கும். குளிர்காலம் முழுக்க நின்ற சொந்தப் படகுகளில் இது அதிகம். ஆகஸ்டில் வாராவாரம் ஓடுகிற வாடகைப் படகில் அரிது. சொந்தப் படகுக்காரர் ஃபில்டர் மாற்றி, கைப் பம்ப்பால் டீசலை ஏற்றி, ஃபில்டர் தலையிலிருக்கும் சிறு திருகைத் தளர்த்தி, நுரை போய்ச் சுத்த டீசல் வரும் வரை காற்றை வெளியேற்றுவார். நீங்கள் செய்ய வேண்டாம். வாடகைப் படகில் ஸ்பேனர் பிடிப்பது உங்கள் வேலை அல்ல, முன்பணமும் அவர்களிடம் இருக்கிறது.

சாவி திருகினால் "டிக்" என்று மட்டும் கேட்கிறதென்றால் லீவர் நியூட்ரலில் இருக்கிறதா, பேட்டரி சுவிட்ச் ஆன் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் வரவில்லையென்றால் ஸ்டார்ட்டர் பேட்டரி இறங்கியிருக்கும். அந்த சுவிட்சை எஞ்சின் ஓடும்போது மட்டும் அணைத்துவிடாதீர்கள், ஆல்டர்னேட்டர் உள்ளே கருகிவிடும்.

எஞ்சின் ஓடுகிறது, லீவரும் சரி, ப்ரொப்பெல்லரிலும் ஒன்றுமில்லை, ஆனாலும் நகரவில்லை. அப்படியானால் கியர் கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது கியர்பாக்ஸையும் தண்டையும் இணைக்கும் கப்ளிங் விட்டிருக்கலாம். கப்ளிங் விட்டால் தண்டு பின்னால் நழுவி, அது நுழையும் குழாய் வழியே தண்ணீர் உள்ளே வரலாம். அதனால் எஞ்சினை அணைத்துவிட்டுப் பலகையைத் தூக்கி, தண்ணீர் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தத் தண்டு நுழையும் இடத்தில் மெதுவாகச் சொட்டுவது சகஜம். தினமும் சாயங்காலம் பக்கத்தில் இருக்கும் கிரீஸ் கைப்பிடியைக் கனமாகும் வரை திருகினால் நின்றுவிடும். சொட்டு தாரையானால் உடனே போன் போட வேண்டிய விஷயம்.

போன் போடும்போது முதலில் கேட்பது "எங்கே இருக்கிறீர்கள்" என்பதுதான். கால்வாயில் தெருப்பெயர் கிடையாது, பாலங்களின் எண்தான் முகவரி. ஒவ்வொரு பாலத்திலும் தகடு அடித்திருக்கும். டில்லரில் நிற்பவர் கடைசியாகத் தாண்டிய பால எண்ணை எப்போதும் ஞாபகத்தில் வைத்திருக்கட்டும். இதைச் சின்னவளிடமே ஒப்படைத்துவிடலாம், நோட்டுப் புத்தகத்தோடு. லாங்கோலன் கால்வாயில் ஒரு சிக்கல்: ஃப்ராங்க்டன் சந்திப்பைத் தாண்டியதும் எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், பின்னால் ஆங்கில எழுத்து டபிள்யூ சேரும். வெறும் 12 ஒரு இடம், 12 டபிள்யூ பல மைல் தள்ளி வேறொரு இடம். எழுத்தைச் சொல்லாவிட்டால் மெக்கானிக் தவறான பாலத்தில் போய் நிற்பார். ஆம்புலன்ஸ் கூப்பிட நேர்ந்தாலும் இதே எண்ணோடு, பக்கத்து ஊர்ப்பெயரும் சொல்ல வேண்டும்.

அடுத்து, கோளாறை நீங்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம், கண்டதைச் சொல்லுங்கள். எந்த விளக்கு எரிந்தது, புகை என்ன நிறம், நிற்கும் முன் சத்தம் எப்படி மாறியது, பலகைக்குக் கீழே தண்ணீர் இருக்கிறதா. கரும்புகை என்றால் பாரம் அதிகம் அல்லது காற்று போதவில்லை, நீலம் என்றால் ஆயில் எரிகிறது, வெள்ளை என்றால் எரியாத டீசல் அல்லது நீராவி. இவ்வளவு தெரிந்தால் மெக்கானிக் சரியான பாகத்தோடு வருவார். சாயங்காலம் தாமதமாகக் கூப்பிட்டால் பெரும்பாலும் மறுநாள் காலைதான் ஆள் வருவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உங்களோடுதானே இருக்கிறது. விளக்குகளை மட்டும் அளவாகப் போடுங்கள், எஞ்சின் ஓடாமல் பேட்டரி ஏறாது. சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் ரிவர் கனால் ரெஸ்க்யூ போன்ற சேவையில் உறுப்பினராகச் சேர்ந்துகொள்வது வழக்கம். கால்வாய்களைப் பராமரிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் வழியை அடைக்கும் படகைப் பற்றியும் லாக் கோளாறு பற்றியும் கேட்கும். உங்கள் எஞ்சினைச் சரிசெய்ய வராது.

உங்கள் பாதையில் எஞ்சின் நிற்கக் கூடாத இடங்கள் சில உண்டு. கிரிண்ட்லி புரூக்கில் ஆறு லாக்குகள், அதில் மேல் மூன்றும் படிக்கட்டு போல ஒட்டியவை. பருவத்தில் அங்கே லாக் கீப்பர் இருப்பார், அவர் சொல்வதைக் கேளுங்கள். லாக்குக்குள் எது தப்பாகப் போனாலும், எஞ்சினோ கயிறோ எதுவானாலும், முதல் காரியம் திறந்திருக்கும் பேடில்களை, அதாவது தண்ணீரை விடும் சிறு அடைப்புகளை, மூடித் தண்ணீரை நிறுத்துவது. இறங்கும்போது மேல் கதவின் அடியில் ஒரு கல் மேடை இருக்கிறது. சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். எஞ்சின் இல்லாத படகு பின்னால் நகர்ந்து அந்த மேடையில் வால் மாட்டிக்கொண்டால், தண்ணீர் இறங்க இறங்க மூக்கு கவிழும். கயிற்றைக் கரைக்கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி, படகை முன்னாலேயே பிடித்து வையுங்கள்.

சர்க் சுரங்கம் 420 மீட்டர், ஒரு படகு அகலம்தான், எதிரெதிரே வரும் படகுகள் விலக முடியாது. உள்ளே கைப்பிடியோடு டோபாத் இருக்கிறது. நின்றால் முன்விளக்கை அணைக்காமல், பக்கவாட்டில் படகு உரசும் வரை காத்திருந்து, டார்ச்சோடு ஒருவர் இறங்கி இழுக்கலாம். ஓட்டம் உங்களுக்கு எதிராக இருப்பதால் வந்த வழியே பின்னால் விடுவது சுலபம், ஆனால் வாசலில் அடுத்த படகு காத்திருக்கும். அதனால் முதலில் ஹாரன்.

பான்ட்கசுல்ட்டி நீர்ப்பாலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உள்ளூர அதைத்தான் நினைத்திருப்பீர்கள். 1805இல் தாமஸ் டெல்ஃபோர்ட் கட்டி முடித்தது, 307 மீட்டர் நீளம், டீ ஆற்றுக்கு மேல் 38 மீட்டர் உயரம். வார்ப்பிரும்புத் தொட்டிக்குள் படகு போகும். ஒரு பக்கம் நடைபாதையும் கம்பிவேலியும். மறுபக்கம் தொட்டியின் விளிம்பு மட்டும், தண்ணீருக்குச் சற்று மேலே, அதற்கப்புறம் வெறும் காற்று. பார்க்கப் பயமாக இருந்தாலும், எஞ்சின் நிற்பதற்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் குறைவு என்பேன். தொட்டிக்குள் படகு அங்கே இங்கே திரும்பவே முடியாது. நடைபாதைப் பக்கம் ஒருவர் இறங்கி நடுக்கயிற்றால் இழுத்துக்கொண்டு போகலாம். இழுக்காவிட்டால் ஓட்டம் தானாகவே, நீங்கள் வந்த பக்கத்து ஊரான ஃப்ரான் பக்கம் பின்னால் கொண்டுவிடும். வேலியில்லாத பக்கம் யாரும் உட்காரவோ நிற்கவோ கூடாது, எஞ்சின் ஓடினாலும் சரி நின்றாலும் சரி. சின்னவள் படகின் உள்ளே ஜன்னல் வழியாகப் பார்க்கட்டும்.

பின்னாளில் செவர்ன், ட்ரென்ட், தேம்ஸ் என்று ஆற்றுக்குப் போனால் இதுவரை சொன்னது போதாது. ஆறு நிற்காது, கீழே அணை இருக்கும். அங்கே எஞ்சின் நின்றால் முதல் காரியம் நங்கூரம். சங்கிலியும் கயிறும் மாட்டி, படகில் உறுதியாகக் கட்டி, ஆற்றில் நுழையும் முன்பே கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கால்வாயில் மெதுவாக ஓடியே பழகிய எஞ்சின் ஆற்றில் மணிக்கணக்காக வேகமாக ஓடும்போதுதான் சூடேறிப் படுத்துவிடும்.

படகை உங்களிடம் ஒப்படைக்கும் நாளில் கம்பெனிக்காரர் எல்லாவற்றையும் அரைமணியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். விடாதீர்கள். பலகையைத் தூக்கி எஞ்சினைக் காட்டச் சொல்லுங்கள். வீட் ஹேட்சை அவரே திறந்து மூடட்டும், அதைப் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆயில் குச்சி எங்கே, கிரீஸ் கைப்பிடி எங்கே, எஞ்சினை அணைக்கும் பட்டன் எங்கே, பேட்டரி சுவிட்ச் எது, அவசர எண் எது, எத்தனை மணிவரை எடுப்பார்கள் என்று கேளுங்கள். நீளக் கையுறை, டார்ச், ரொட்டிக் கத்தி நீங்களே கொண்டுபோங்கள். அப்பாவுக்கும் சின்னவளுக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் இலவசமாகவே தருவார்கள்.

திட்டம் போடும்போது அரை நாளைச் சும்மா விட்டுவையுங்கள். ஒரு நாளைக்கு ஆறு, ஏழு மணிநேரம் ஓட்டினால் ரென்பரியிலிருந்து லாங்கோலன் போக மூன்று நாள் ஆகும். வழியில் ரிப்பேரில் ஒரு பகல் போய்விட்டால், இருட்டில் ஓட்டி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். பான்ட்கசுல்ட்டியைத் தாண்டி ட்ரெவரில் படகைக் கட்டிவிடுங்கள். அங்கே திருப்ப இடமிருக்கிறது. லாங்கோலனுக்கு அங்கிருந்து டோபாத் வழியே நடக்கலாம். அப்பாவுக்கு நடக்க முடியாவிட்டால் பஸ் ஓடுகிறது.